மென்பொருள் தரும் செய்திகளை யார் கட்டுப்படுத்துவது? லாக்கிங் குறித்து ஓர் அறிமுகம்

நிரல் எழுதக் கற்கத் தொடங்கும் எவரும் முதலில் பழகும் கட்டளைகளுள் ஒன்று, திரையில் எதையாவது அச்சிடும் பிரிண்ட் கட்டளை. நிரல் எதிர்பார்த்தபடி ஓடாதபோது இடையிடையே பிரிண்ட் வரிகளைச் சேர்த்து, எந்த மாறியில் என்ன மதிப்பு இருக்கிறது, ஓட்டம் எந்தக் கிளைக்குள் நுழைகிறது என்று பார்ப்பதும், கோளாறு பிடிபட்டதும் அந்த வரிகளை நீக்கிவிடுவதும் இயல்பான வழக்கம். நிரல் நம் மடிக்கணினியில் மட்டும் ஓடும்வரை இதில் குறையொன்றும் இல்லை. அதே நிரல் வேறோர் இடத்துச் சர்வரில், நாம் உறங்கும் நேரத்திலும், பல நூறு பேருக்காக ஓடத் தொடங்கும்போது நிலைமை மாறிவிடுகிறது. அங்கே திரையைப் பார்த்துக்கொண்டு யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. கோளாறு நேர்ந்த பிறகு பிரிண்ட் வரிகளைச் சேர்த்து நிரலை மறுபடி நிறுவினாலும், நேற்று இரவு என்ன நடந்தது என்பதை அவற்றால் சொல்ல முடியாது.

அப்படியானால் அந்த வரிகளை நீக்காமலே விட்டுவிடலாமே என்று தோன்றும். விட்டுவைத்தால் ஒவ்வொரு சிறு செயலுக்கும் நான்கைந்து வரிகள் எழுதப்பட்டு, சில நாட்களில் வட்டில் இடம் நிறைந்துவிடும். அதற்கு முன்பே, தேடுகிற ஒரு வரி தேவையற்ற ஆயிரம் வரிகளுக்குள் புதைந்துபோயிருக்கும். எல்லாவற்றையும் எழுதினால் படிக்க முடியாது, எதையும் எழுதாவிட்டால் படிக்க ஒன்றும் இருக்காது.

மென்பொருளாளர்கள் இந்தச் சிக்கலுக்குக் கண்ட தீர்வு, இரண்டு முடிவுகளைத் தனித்தனியே பிரித்துவைப்பது. நிரலின் இந்த இடத்தில் குறிப்பிடத்தக்க ஒன்று நடக்கிறது, அதன் முக்கியத்துவம் இவ்வளவு என்று சொல்வது முதல் முடிவு. அதை எடுப்பவர் நிரலை எழுதுபவர். அந்தச் செய்தி பதிவாக வேண்டுமா, பதிவானால் திரைக்குப் போக வேண்டுமா, கோப்புக்கா, வேறொரு சர்வருக்கா, எந்த வடிவில் என்பதெல்லாம் இரண்டாவது முடிவு. அதை எடுக்க வேண்டியவர் அந்த மென்பொருளை ஓர் இடத்தில் நிறுவி நடத்துபவர். பிரிண்ட் கட்டளையில் இவ்விரண்டும் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கிடக்கின்றன: எழுதிய வரி எப்போதும் அச்சாகும், எப்போதும் ஒரே இடத்துக்கே போகும், மாற்ற வேண்டுமானால் நிரலையே திருத்த வேண்டும். லாக்கிங் என்று அழைக்கப்படும் ஏற்பாடு இரண்டாவது முடிவை நிரலிலிருந்து வெளியே எடுத்து, நிரலைத் தொடாமலே மாற்றக்கூடிய ஓர் அமைப்புக் கோப்பில் வைக்கிறது. லெவல், லாகர், ஹேண்ட்லர் என்று இனி வரப்போகும் எல்லாம் இந்தப் பிரிவினையை நடைமுறைக்குக் கொண்டுவரும் உறுப்புகளே.

இந்த எண்ணம் புதிதன்று. 1980களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகச் சூழலில் எரிக் ஆல்மன், மின்னஞ்சல்களைக் கொண்டுசேர்க்கும் சென்ட்மெயில் மென்பொருளின் ஒரு பகுதியாகச் சிஸ்லாக் என்ற ஏற்பாட்டை உருவாக்கினார். அது பயனுள்ளதாக இருந்ததால் யூனிக்ஸ் குடும்பத்தின் பிற நிரல்களும் அதையே பின்பற்றத் தொடங்கின. நெடுங்காலம் வெறும் வழக்கமாகவே இருந்த அதை, இணையத் தரங்களை விவரிக்கும் ஆர்எஃப்சி ஆவண வரிசையில் 2001இல் வந்த ஆர்எஃப்சி 3164 விவரித்தது. 2009இல் ஆர்எஃப்சி 5424 தரப்படுத்தியது. சிஸ்லாகில் ஒவ்வொரு செய்தியும் எந்தப் பிரிவிலிருந்து வருகிறது என்பதற்கு 0 முதல் 23 வரை ஓர் எண்ணையும், எவ்வளவு கடுமையானது என்பதற்கு 0 முதல் 7 வரை ஓர் எண்ணையும் சுமந்து வருகிறது. பிரிவு எண்ணை எட்டால் பெருக்கிக் கடுமை எண்ணைக் கூட்டினால் கிடைப்பது செய்தியின் முகப்பில் நிற்கும். மின்னஞ்சல் பிரிவின் எண் 2, பிழையின் கடுமை எண் 3. ஆகவே மின்னஞ்சல் நிரல் அனுப்பும் பிழைச் செய்தியின் முகப்பில் 19 என்று இருக்கும். மின்னஞ்சல் பிரிவின் செய்திகள் எல்லாம் இந்தக் கோப்புக்குப் போகட்டும், எந்தப் பிரிவிலிருந்து வந்தாலும் அவசரநிலைச் செய்தி எல்லாருடைய திரையிலும் தோன்றட்டும் என்று சர்வரை நிர்வகிப்பவர் ஒரு சிறு கோப்பில் எழுதிவைத்தால் போதும். சென்ட்மெயிலின் நிரலை அவர் திறந்துகூடப் பார்க்க வேண்டியதில்லை.

ஜாவா உலகில் செகி குல்ச்சு தொடங்கிவைத்த லாக்4ஜே என்ற லாக்கிங் தொகுப்பு இந்தப் பிரிவினையைச் செயலிகளின் உள்ளுறுப்புகள் வரை கொண்டுசென்றது. பைத்தான் மொழிக்கான லாக்கிங் தொகுப்பை வினய் சஜிப் எழுதினார். பெப் 282 என்ற முன்மொழிவின் வழியாக 2003இல் வெளியான பைத்தான் 2.3 பதிப்பிலிருந்து அது மொழியோடு சேர்ந்தே வருகிறது. தனியாக எதையும் நிறுவாமல் பயன்படுத்தலாம் என்பதால், கீழே வரும் விளக்கம் பைத்தானைச் சார்ந்தே செல்லும். ஜாவா, சி ஷார்ப் போன்ற மொழிகளில் பெயர்கள் சற்று மாறினாலும் உறுப்புகள் பெரும்பாலும் இவையே.

எடுத்துக்காட்டுக்கு ஒரு மருந்துக்கடையின் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அது பில் போடுகிறது, மருந்து இருப்பைக் கணக்கிடுகிறது, வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறது. ஒரே மென்பொருளைப் பல கடைகள் பயன்படுத்துகின்றன. அதை எழுதியவர் எந்தக் கடையிலும் இல்லை.

முக்கியத்துவத்தை அளக்கும் லெவல்

பைத்தானில் ஐந்து லெவல்கள் உள்ளன: டீபக் 10, இன்ஃபோ 20, வார்னிங் 30, எரர் 40, கிரிட்டிக்கல் 50. சிஸ்லாகுக்கு நேர்மாறாக, இங்கே எண் கூடக்கூடக் கடுமை கூடும். எண்களுக்கிடையே பத்துப் பத்தாக இடைவெளி இருப்பதால் 25 போன்ற சொந்த லெவல்களை இடையில் செருகிக்கொள்ள முடியும். ஆனால் அந்த வசதியைத் தொடாமல் இருப்பதே நல்லது. ஒவ்வொரு தொகுப்பும் தன் விருப்பப்படி லெவல்களை உருவாக்கினால், அவற்றையெல்லாம் ஒன்றாக ஓட்டுகிறவருக்கு எந்த எண் எதைக் குறிக்கிறது என்றே புரியாமல் போகும்.

நம் மருந்துக்கடையில், ஒரு மாத்திரைக்கு எந்தெந்தத் தொகுதி எண்களைத் தேடிப் பார்த்தோம், ஒவ்வொன்றிலும் எத்தனை மீதம் என்ற விவரங்கள் டீபக்; கோளாறைத் தேடும்போது மட்டும் அவை வேண்டும். பில் 4471 முடிந்தது, அன்றைய கணக்கு முடிக்கப்பட்டது என்பன இன்ஃபோ. வழக்கமான வேலை வழக்கம்போல் நடந்தது என்பதற்கான சான்று அவை. குறுஞ்செய்தி முதல் முயற்சியில் போகவில்லை, இரண்டாம் முயற்சியில் போனது என்பது வார்னிங். இப்போதைக்குப் பாதிப்பில்லை, தொடர்ந்து நடந்தால் கவனிக்க வேண்டும். ஒரு பில்லைத் தரவுத்தளத்தில் சேமிக்க முடியவில்லை என்பது எரர். கேட்ட வேலை ஒன்று நடக்கவில்லை. தரவுத்தளத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது, இனி எந்தப் பில்லும் போட முடியாது என்பது கிரிட்டிக்கல்.

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் வார்னிங்குக்கும் எரருக்கும் இடையிலான எல்லை. ஒருவர் கடவுச்சொல்லைத் தவறாகத் தட்டச்சு செய்தால் அது எரர் என்று பலர் எழுதுகிறார்கள். அங்கே மென்பொருள் செய்ய வேண்டியதைச் சரியாகவே செய்திருக்கிறது: தவறான கடவுச்சொல்லை மறுத்திருக்கிறது. அதை இன்ஃபோவாக எழுதிவிட்டு, ஒரே கணக்குக்குக் குறுகிய நேரத்தில் பலமுறை அப்படி நடந்தால் வார்னிங்காக எழுதுவதே பொருத்தம். எரர் என்று எழுதும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதைப் படிப்பவர் இதன்பேரில் ஏதேனும் செய்ய வேண்டுமா? செய்வதற்கு ஒன்றும் இல்லாத எரர்கள் நாள்தோறும் பத்துப் பத்தாக வந்தால், அவற்றைப் படிப்பவர் படிப்பதையே நிறுத்திவிடுவார்; பிறகு உண்மையான எரர் வரும் நாளிலும் யாரும் பார்க்க மாட்டார்கள். லெவலைச் சரியாகத் தேர்வது நடைக்கோ அழகுக்கோ உரிய விஷயம் என்று நினைப்பவர்கள் உண்டு. லாக்கிங்கில் நிரலாளர் எடுக்கும் முடிவுகளுள் மிகுந்த பொறுப்புடையது அதுவே என்று நான் கருதுகிறேன்.

பெயரிட்ட லாகர்கள்

லெவல் மட்டும் இருந்தால் முழு மென்பொருளுக்கும் ஒரே அளவுகோலைத்தான் வைக்க முடியும். இருப்புக் கணக்கில் மட்டும் ஏதோ தவறு, அதன் டீபக் செய்திகள் மட்டும் வேண்டும், பில் பகுதியின் டீபக் செய்திகள் வேண்டாம் என்னும் தேவை எழும்போது அது உதவாது. அதற்காகவே ஒவ்வொரு பகுதிக்கும், அதன் செய்திகளை முதலில் வாங்கிக்கொள்ளும் பெயருடைய ஒரு லாகர் அமைகிறது. பெயர்களில் புள்ளி வைத்து அடுக்குகளைக் காட்டலாம்: கடை, கடை.பில், கடை.இருப்பு, கடை.குறுஞ்செய்தி. இவற்றுள் கடை என்பது தாய். மற்ற மூன்றும் சேய்கள். எல்லாவற்றுக்கும் மேலே ரூட் லாகர் என்ற மூல லாகர் ஒன்று எப்போதும் இருக்கும். பைத்தானில் ஒவ்வொரு கோப்பும் தன் மாட்யூலின் பெயரையே, அதாவது பைத்தான் அந்தக் கோப்பை அறியும் பெயரையே, லாகருக்கும் வைத்துக்கொள்வது வழக்கம் என்பதால், நிரலின் அடுக்கமைப்பே லாகர்களின் அடுக்கமைப்பாக, கூடுதல் உழைப்பின்றி அமைந்துவிடுகிறது.

ஒவ்வொரு லாகருக்கும் ஒரு லெவல் வைக்கலாம்; அதைவிடச் சிறிய லெவல் கொண்ட செய்திகளை அது ஏற்காது. ஒரு லாகருக்கு லெவல் எதையும் குறிப்பிடாவிட்டால், அது தன் தாயின் லெவலை எடுத்துக்கொள்ளும். தாய்க்கும் இல்லையென்றால் அதன் தாய், இறுதியாக ரூட். ரூட்டுக்கு நாம் எதுவும் சொல்லாதவரை அதன் லெவல் வார்னிங். புதியவர் ஒருவர் முதன்முறையாக இன்ஃபோ செய்தி ஒன்றை எழுதி ஓட்டிப் பார்த்து, திரையில் எதுவுமே வரவில்லையே என்று குழம்புவதற்குக் காரணம் இதுதான்: 20 என்பது 30ஐ விடச் சிறியது, ஆகவே செய்தி வாசலிலேயே நின்றுவிட்டது.

கடை என்ற லாகருக்கு இன்ஃபோவும் கடை.இருப்பு என்பதற்கு மட்டும் டீபக்கும் வைத்தால், நாம் விரும்பியது கிடைத்துவிடும். இதற்காக மாற்றியது அமைப்புக் கோப்பின் ஒரு வரியை மட்டுமே.

ஹேண்ட்லர்: செய்தி போய்ச்சேரும் இடம்

லாகர் ஏற்றுக்கொண்ட செய்தியை எங்கே கொண்டுசேர்ப்பது என்பதை ஹேண்ட்லர்கள் பார்த்துக்கொள்கின்றன. திரைக்கு எழுத ஒன்று, கோப்புக்கு எழுத ஒன்று, சிஸ்லாகுக்கு அனுப்ப ஒன்று, மின்னஞ்சலாக அனுப்ப ஒன்று என்று பைத்தானிலேயே பல வகைகள் உள்ளன; ஒரு லாகருக்கு எத்தனை ஹேண்ட்லர்களையும் இணைக்கலாம். ஒவ்வொரு ஹேண்ட்லருக்கும் தனக்கென ஒரு லெவலும், செய்தியை எந்த வடிவில் எழுதுவது என்று சொல்லும் ஃபார்மேட்டரும் உண்டு. கோப்பு ஹேண்ட்லருக்கு டீபக், மின்னஞ்சல் ஹேண்ட்லருக்கு கிரிட்டிக்கல் என்று வைத்தால், எல்லாம் கோப்பில் சேரும், தரவுத்தளத் தொடர்பு அறுந்ததுபோன்ற செய்தி மட்டும் மின்னஞ்சலில் வரும்.

இங்கே இரண்டு இடங்களில் லெவல் இருப்பதைக் கவனிக்க வேண்டும். ஏரியின் மதகைத் திறந்துவிட்டும் வாய்க்காலின் மடை மூடியிருந்தால் வயலுக்கு நீர் வராது. மடை திறந்திருந்தும் மதகு மூடியிருந்தால் அப்போதும் வராது. ஹேண்ட்லருக்கு டீபக் வைத்துவிட்டு லாகரை வார்னிங்கிலேயே விட்டுவிட்டால் டீபக் செய்திகள் ஹேண்ட்லரை எட்டாது. லாக் வரவில்லை என்ற குறையோடு வருபவர்களிடம் நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்த இரண்டு லெவல்களையும்தான்.

இதைவிட நுட்பமான ஒன்றும் உண்டு. கடை.இருப்பு ஏற்ற செய்தி, அதன் ஹேண்ட்லர்களுக்குப் போவதோடு நில்லாமல், தாயான கடையின் ஹேண்ட்லர்களுக்கும், பிறகு ரூட்டின் ஹேண்ட்லர்களுக்கும் ஏறிச் செல்லும். அப்படி ஏறும்போது தாயின் லாகருக்கு வைத்த லெவல் மறுபடி பார்க்கப்படுவதில்லை. ஹேண்ட்லரின் லெவல் மட்டுமே பார்க்கப்படும். சேய் லாகர் ஏற்றுக்கொண்ட டீபக் செய்தி, வார்னிங் வைத்த ரூட் லாகரின் ஹேண்ட்லர் வழியாக வெளியே வருவது பிழையன்று, அதன் விதியே அதுதான். தாய்க்கும் சேய்க்கும் தனித்தனியே திரை ஹேண்ட்லர்களை இணைத்துவிட்டு, ஒவ்வொரு வரியும் இருமுறை வருகிறதே என்று வியப்பதற்கும் இந்த ஏற்றமே காரணம். பெரும்பாலான மென்பொருள்களில் ஹேண்ட்லர்களை ரூட்டில் மட்டும் இணைத்துவிட்டு, சேய்களுக்கு லெவலை மட்டும் வைப்பது போதுமானது.

பிறர் பயன்படுத்துவதற்காகத் தொகுப்பு எழுதுபவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தங்கள் தொகுப்பில் லாகர் வைத்துச் செய்தி எழுதலாம். ஆனால் எதையும் செய்யாத நல்ஹேண்ட்லரைத் தவிர வேறு ஹேண்ட்லரை இணைக்கக் கூடாது. இணைத்தால், அந்தத் தொகுப்பைப் பயன்படுத்தும் செயலிக்கு உரிய முடிவைத் தொகுப்பு எழுதியவரே எடுத்துக்கொண்டதாகிறது.

நிரலுக்கு வெளியே அமைப்பு

பைத்தானில் மிக எளிய தொடக்கம் பேசிக்கான்ஃபிக் என்ற ஒரே அழைப்பு. அது ரூட்டுக்கு ஒரு ஹேண்ட்லரை இணைத்து, கேட்ட லெவலை வைத்துத் தரும். ரூட்டில் ஏற்கெனவே ஹேண்ட்லர் இருந்தால் அந்த அழைப்பு இயல்பாக எதையும் செய்யாது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். மென்பொருள் வளர்ந்ததும் டிக்ட்கான்ஃபிக் என்ற வழிக்கு மாறலாம். பைத்தான் 2.7, 3.2 பதிப்புகளில் சேர்ந்த இது, லாகர்கள், ஹேண்ட்லர்கள், ஃபார்மேட்டர்கள் எல்லாவற்றையும், பெயரும் மதிப்புமாக அமையும் ஒரே அகராதியாக எழுத விடுகிறது. அந்த அகராதியை ஜேசன் அல்லது யாமல் என்ற உரை வடிவக் கோப்பில் வைத்து, நிரல் தொடங்கும்போது படிக்கச் செய்தால், ஒவ்வொரு கடையும் தனக்கேற்ற கோப்பை வைத்துக்கொள்ளலாம். மருந்துக்கடையின் மென்பொருளை எழுதியவர் அவ்வாறு செய்திருந்தால், ஒரு கடையில் இருப்புக் கணக்கு தவறும்போது, கோப்பில் கடை.இருப்பு என்ற வரியை டீபக் என்று மாற்றிவிட்டு மென்பொருளை மறுபடி தொடங்குங்கள் என்று தொலைபேசியில் சொன்னால் போதும்.

டிக்ட்கான்ஃபிக்கில் ஒரு பொறி உண்டு. ஏற்கெனவே உருவாகியிருக்கும் லாகர்களை முடக்கவா என்று கேட்கும் அமைப்பு, நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஆம் என்றே எடுத்துக்கொள்ளும். அமைப்புக் கோப்பைப் படிப்பதற்கு முன்பே உருவாகி, கோப்பில் தானோ தன் தாயோ பெயர் பெறாத லாகர்கள் எல்லாம் அதனால் வாயடைத்துப்போகும். அதை வேண்டாம் என்று வெளிப்படையாக எழுதிவைப்பது நல்ல பழக்கம்.

ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளை நிறுத்தாமலே லெவலை மாற்றவும் வழிகள் உள்ளன. ஜாவாவின் லாக்கிங் தொகுப்புகளான லாக்பேக், லாக்4ஜே 2 ஆகியவற்றில், அமைப்புக் கோப்பு மாறியிருக்கிறதா என்று குறித்த இடைவெளியில் பார்த்துத் தானாகவே புதியதை ஏற்கச் சொல்லலாம். மறுதொடக்கம் செய்தால் மறைந்துவிடும் கோளாறுகளைப் பிடிக்க இது பெரிதும் உதவுகிறது.

செய்தியை எழுதும் முறை

அமைப்பு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், செய்தியில் பொருள் இல்லையென்றால் பயனில்லை. “சேமிக்க முடியவில்லை” என்ற வரியைக் காலையில் படிப்பவருக்கு எதை, யாருக்காக, ஏன் என்று எதுவும் தெரியாது. “பில் 4471ஐச் சேமிக்க முடியவில்லை, தரவுத்தளம் 30 விநாடியில் பதில் தரவில்லை, கவுண்டர் 2” என்ற வரி, அடுத்து எங்கே பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. எதிர்பாராத பிழை நேர்ந்த இடத்தில் பைத்தானின் எக்செப்ஷன் என்ற அழைப்பைப் பயன்படுத்தினால், பிழை எந்த வரியிலிருந்து எந்த வழியாக வந்தது என்ற முழுத் தடமும் செய்தியோடு பதிவாகும். பிழையின் கடைசி வாசகத்தை மட்டும் எழுதித் தடத்தைத் தூக்கியெறிவது, விசாரிக்கப்போகிறவரின் கையைக் கட்டுவதற்குச் சமம்.

நேரத்தை எழுதும்போது நேர மண்டலத்தையும் எழுத வேண்டும். இந்திய நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது. ஒரு சர்வர் இந்திய நேரத்திலும் மற்றொன்று பொது நேரத்திலும் மண்டலம் குறிக்காமல் எழுதினால், இரண்டின் லாக்கையும் அருகருகே வைத்து எது முதலில் நடந்தது என்று கண்டறிவது பெரும்பாடு.

பல பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் மென்பொருளில் செய்திகள் ஒன்றோடொன்று கலந்துதான் வரும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் அடையாள எண்ணைக் கொடுத்து, அந்தக் கோரிக்கை தொடர்பான எல்லா வரிகளிலும் அதை எழுதினால், ஒருவருக்கு நடந்ததை மட்டும் பிரித்தெடுக்க முடியும். செய்திகளை மனிதர்கள் மட்டுமின்றித் தேடல் கருவிகளும் படிக்க வேண்டிய இடங்களில், ஒவ்வொரு வரியையும் ஜேசன் வடிவில் எழுதும் ஃபார்மேட்டரை வைப்பது வழக்கமாகிவருகிறது. அதற்கு நிரலில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

செயல்வேகம் குறித்தும் ஒரு சொல். செய்தியில் மாறிகளைச் சேர்க்கும்போது, முழு வாக்கியத்தையும் முன்கூட்டியே கட்டிக் கொடுக்காமல், இடம் விட்ட வாக்கியத்தையும் மாறிகளையும் தனித்தனியே லாகரிடம் கொடுக்க வேண்டும். அப்போது, லெவல் போதாமல் நிற்கப்போகும் செய்திக்காக வாக்கியம் கட்டும் வேலையே நடக்காது.

எழுதக் கூடாதவை

2018ஆம் ஆண்டு மே மாதம் ட்விட்டர் நிறுவனம் தன் 33 கோடிப் பயனர்களிடமும் கடவுச்சொல்லை மாற்றுவது குறித்துச் சிந்திக்கும்படி கேட்டுக்கொண்டது. கடவுச்சொற்களை அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சேமிக்கும் முறை அங்கே இருந்தது. ஆனால் அந்த மாற்றம் நிறைவேறும் முன்பே, மூலக் கடவுச்சொற்கள் உள் லாக் ஒன்றில் அப்படியே எழுதப்பட்டிருந்தன. பாதுகாப்பாக வடிவமைத்த தரவுத்தளத்தைச் சுற்றிக்கொண்டு, லாக் வழியாக இரகசியம் கசிவது இப்படித்தான். நம் மருந்துக்கடையில் வாடிக்கையாளர் பெயரையும் அவர் வாங்கிய மருந்தையும் ஒரே வரியில் எழுதினால், ஒருவருடைய நோய் என்ன என்பதை லாக் கோப்பைத் திறக்கும் எவரும் அறிந்துகொள்வார்கள். பில் எண் போதும். யார் வாங்கினார் என்பது தரவுத்தளத்தில், அதற்குரிய பூட்டுக்குள் இருக்கிறது. கடவுச்சொல், ஓடிபி, அட்டை எண், பிற சேவைகளைத் திறக்கும் அணுக்கச் சாவி ஆகியவை எந்த லெவலிலும், டீபக்கிலும்கூட, எழுதப்படக் கூடாது. உண்மையான பயன்பாட்டில் உள்ள சர்வரில் டீபக் எப்போதும் அணைந்தே இருக்கும் என்று நம்புவது தவறு. என்றைக்கு வேண்டுமானாலும் அதைப் போட முடிய வேண்டும் என்பதற்காகத்தானே இவ்வளவு ஏற்பாடும்.

செய்தியே கட்டளையானபோது

நிரலாளர் சொல்லும் செய்தி ஒரு பக்கம், நடத்துபவர் வைக்கும் அமைப்பு மறுபக்கம் என்ற எல்லை கலைந்தால் என்ன ஆகும் என்பதை 2021 டிசம்பரில் உலகம் பார்த்தது. லாக்4ஜே 2 தொகுப்பில் லுக்அப் என்ற வசதி உண்டு: அமைப்புக் கோப்பில் டாலர் குறியும் நெளிவு அடைப்பும் இட்டு ஒரு பெயரை எழுதினால், அதற்குரிய மதிப்பை அது தேடி நிரப்பிக்கொள்ளும். அமைப்புக் கோப்பை எழுதுபவர் நம்பத்தக்கவர் என்பதால் அங்கே இது நல்ல வசதி. ஆனால் அந்தத் தொகுப்பு, லாக் செய்யப்படும் செய்திகளின் உள்ளேயும் அதே குறிகளைத் தேடி நிறைவேற்றியது. செய்தியில் இருப்பது பெரும்பாலும் வெளியாள் தட்டச்சு செய்தது: உள்நுழையும் பெயர், தேடிய சொல், உலாவி அனுப்பும் தன்விவரம், விளையாட்டின் அரட்டை வரி. பெயரைக் கொடுத்தால் அதற்குரியதை வேறிடத்திலிருந்தும் தேடித்தரும் ஜாவா வசதியான ஜேஎன்டிஐ வழியாக வேறொரு சர்வரைத் தொடர்புகொள்ளச் சொல்லும் குறியை எவரேனும் அப்படி ஓர் இடத்தில் எழுதி, அதைச் சர்வர் லாக் செய்தால், சர்வர் அந்த அந்நிய இடத்துக்குச் சென்று, அங்கிருந்து வரும் நிரலை இயக்கிவிடும் நிலை இருந்தது.

அலிபாபா கிளவுட் நிறுவனத்தின் பாதுகாப்புக் குழு அந்த ஆண்டு நவம்பர் இறுதியில் இதை, லாக்4ஜேயைப் பராமரிக்கும் அப்பாச்சி அமைப்பிடம் தெரிவித்தது. லாக்4ஷெல் என்று பெயர்பெற்ற இந்தக் குறைபாட்டுக்கு, பாதுகாப்புக் குறைபாடுகளின் பொதுப் பட்டியலான சிவிஇயில் சிவிஇ-2021-44228 என்ற எண்ணும், கடுமை அளவில் பத்துக்குப் பத்தும் கிடைத்தன. 2.15.0 பதிப்பு செய்திகளுக்குள் லுக்அப் செய்வதை இயல்பாக அணைத்துவைத்தது, 2.16.0 அதை அடியோடு நீக்கியது. நம் நிரல் லாக்4ஜேயை நேரடியாக அழைக்காவிட்டாலும், நாம் பயன்படுத்தும் வேறேதோ தொகுப்பு அதை உள்ளே வைத்திருந்ததால், எங்கெங்கே அது இருக்கிறது என்று தேடுவதே பல நிறுவனங்களுக்குப் பெரிய வேலையாக அமைந்தது.

சிறிய அளவில் இதே வகைக் கோளாறு எந்த மொழியிலும் நேரலாம். பயனர் தன் பெயருக்குள் ஒரு புதுவரிக் குறியைச் செருகி, அதற்குப் பின் உண்மையான லாக் வரி போன்ற ஒன்றை எழுதினால், கோப்பைப் படிப்பவருக்கு அது மென்பொருள் எழுதிய வரியாகவே தோன்றும். வெளியிலிருந்து வந்த உரையில் புதுவரிக் குறிகளை மாற்றி எழுதுவது, அல்லது ஜேசன் வடிவில் எழுதுவது இதைத் தடுக்கும்.

எவ்வளவு நாள் வைத்திருப்பது

கோப்பு வளர்ந்துகொண்டே போகாமல் இருக்கச் சுழற்சி வேண்டும்: கோப்பு ஓர் அளவை எட்டியதும் அதை ஒதுக்கிவைத்துப் புதியதைத் தொடங்கி, மிகப் பழையதை அழிப்பது. பைத்தானின் சுழற்சிக் கோப்பு ஹேண்ட்லருக்கு ஒரு கோப்பின் உச்ச அளவையும், எத்தனை பழைய கோப்புகளை வைத்திருப்பது என்பதையும் கொடுக்கலாம். இரண்டில் ஒன்று சுழியமாக இருந்தாலும் சுழற்சி நடக்காது. லினக்ஸில் லாக்ரொட்டேட் என்ற கருவி இதே வேலையை எல்லா நிரல்களுக்கும் சேர்த்துச் செய்கிறது. செயலியையும் அதற்கு வேண்டியவற்றையும் ஒன்றாகக் கட்டி ஓட்டும் டாக்கர் போன்ற பெட்டகங்களில் ஓடும் செயலி, கோப்பைத் தொடாமல் திரைக்கே எழுதிவிட்டுச் சேமிப்பைச் சூழலிடம் விட்டுவிடுவது இன்றைய வழக்கம். ஆனால் டாக்கர் இயல்பாகப் பயன்படுத்தும் ஜேசன் கோப்பு முறை, நாம் அளவு சொல்லாதவரை வரம்பின்றி வளரும் என்பதால், அங்கேயும் உச்ச அளவைக் குறிக்க மறக்கக் கூடாது.

எத்தனை நாள் என்பதில் சட்டத்துக்கும் பங்குண்டு. இந்தியாவில் கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கையாளும் அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் லாக்குகளை 180 நாட்களுக்குப் பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டும் என்கிறது. எதைச் சுழற்றி அழிப்பது என்று முடிவுசெய்யும்போது இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

புதிதாக ஒரு சிறு மென்பொருளைத் தொடங்குபவருக்கு இத்தனையும் ஒரே நாளில் வேண்டியதில்லை. ஒவ்வொரு கோப்பிலும் மாட்யூலின் பெயரில் ஒரு லாகர், தொடக்கக் கோப்பில் மட்டும் ஓர் அமைப்பு, நேரமும் லெவலும் லாகர் பெயரும் காட்டும் ஒரு ஃபார்மேட்டர், அளவு வரம்புள்ள ஒரு கோப்பு ஹேண்ட்லர், லெவலை, நிரலுக்கு வெளியே இயங்குதளத்தில் வைக்கும் சூழல் மாறியிலிருந்து எடுத்துக்கொள்ளும் ஒரு வரி ஆகியவை தொடங்கப் போதும். இவற்றை அமைத்த அன்றே, நிரலின் ஏதேனும் ஓர் இடத்தில் வேண்டுமென்றே ஒரு பிழையை எழுப்பி, அது முழுத் தடத்தோடு கோப்பில் வந்திருக்கிறதா, லெவலை மாற்றினால் டீபக் வரிகள் தோன்றி மறைகின்றனவா என்று ஒருமுறை சரிபார்த்துவிட வேண்டும்.